நீராவியில் இளகும் ஓக்

பழைய மரப்படகுகளில் விலாச்சட்டம் பெரும்பாலும் அடிப்பகுதி திரும்பிப் பக்கச்சுவராக மேலேறும் இடத்திலேயே முறிகிறது. வளைவு அங்கேதான் மிகக் கடுமையானது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் மாற்றுச் சட்டத்திற்கு வெள்ளை ஓக் விரும்பப்படுகிறது. அதன் நீர்க்குழாய்கள் இயற்கையாகவே அடைபட்டிருப்பதால் தண்ணீர் எளிதில் ஊடுருவாது, அழுகலும் தாமதமாகும்.

வன்மரம் வளைவதற்கான காரணம் அதன் கட்டமைப்பிலேயே இருக்கிறது. செல்லுலோஸ் இழைகளைப் பிணைத்து நிற்கும் லிக்னின் என்னும் பொருள், ஈரத்தோடு கூடிய சூடு 100 பாகை செல்சியஸை நெருங்கும்போது இளகி இழைகளை நகரவிடுகிறது. ஆறியதும் மீண்டும் இறுகிப் புதிய வடிவத்தைப் பிடித்துக்கொள்கிறது. நீராவியின் முதன்மையான வேலை சூடேற்றுவதே. ஈரம் மரத்தில் ஏற்கெனவே இருக்க வேண்டும். ஆகவேதான் சூளையில் உலர்த்திய மரத்தைவிட, அண்மையில் வெட்டியதோ காற்றில் உலர்ந்ததோ ஆன மரம் பெரிதும் ஏற்றது. 25 மில்லிமீட்டர் தடிமனுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்பது பட்டறைகளில் வழங்கும் கணக்கு. அளவு மீறி வேகவைத்தால் மரம் வலுவிழக்கும்.

ஆனால் இளகிய மரம் எப்படி வளைத்தாலும் வளையும் என்று கொள்வதற்கில்லை; இக்கைவினையின் நுட்பம் முழுவதும் இங்கேதான் அடங்கியிருக்கிறது. வளைவின் உட்புறம் அமுங்க, வெளிப்புறம் நீள வேண்டியிருக்கிறது; நீராவியேறிய நல்ல ஓக் தன் நீளத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குவரை அமுங்கக்கூடியது, ஆனால் ஓரிரு விழுக்காட்டுக்கு மேல் நீண்டால் வெளிநார்கள் பிளந்துவிடும். எனவே, இரு முனைகளிலும் தடுப்புக்கட்டைகள் பொருத்திய எஃகுப் பட்டையைச் சட்டத்தின் வெளிப்புறத்தில் இறுக்கமாக அணைத்து வளைக்கிறார்கள். நீள்வதைப் பட்டை தடுத்துவிடுவதால், மரம் முழுவதுமே அமுங்கித்தான் வளைய வேண்டியதாகிறது. 19ஆம் நூற்றாண்டில் மிக்கேல் தோனெட் பீச் மரத்தை வளைத்துப் புகழ்பெற்ற நாற்காலிகளைச் செய்ததும் இவ்வுத்தியால்தான். பட்டை பொருத்த இடமில்லாத படகினுள், சட்டத்தின் தடிமனை இரண்டாகப் பிரிக்குமாறு முனையிலிருந்து நீளவாக்கில் வாளால் அறுத்துவிடுவதுண்டு. மெல்லிய இரு பாதிகளும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி எளிதில் வளைகின்றன.

எத்தனை கவனம் இருந்தாலும், நார் சாய்ந்தோடும் மரமும் கணுவுள்ள மரமும் கைவிடும். நேர்நாருள்ள துண்டைத் தேர்ந்தெடுப்பதே பாதி வேலை. தேக்கு ஓக் அளவுக்கு இறுக்கமாக வளையாது. ஆகவே அரபிக்கடலோரத்து மரக்கலங்களின் விலாக்களுக்கு இயற்கையிலேயே வளைந்து வளர்ந்த கிளைகள் தேடப்பட்டன.

நீராவிப் பெட்டியிலிருந்து எடுத்த சட்டம் ஓரிரு நிமிடங்களிலேயே விறைத்துவிடுவதால், ஒருவர் படகின் உள்ளிருந்து அதைப் பலகைகளோடு அழுத்தி வளைக்க, மற்றொருவர் உடனே பற்றுக்கருவிகளால் இறுக்குகிறார். அச்சில் தனியாக வளைப்பதானால், ஆறும்போது சற்றே நிமிரும் என்பதால், தேவைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வளைக்கிறார்கள்.