சின்ன அறைக்கு எந்த ஸ்பீக்கர் செட்? மலையகக் கடைக்காரர்களுக்குச் சில கணக்குகள்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா போன்ற நகரங்களில் மின்சாதனக் கடை வைத்திருப்பவர்களுக்குத் தீபாவளிக்கு முந்திய வாரங்கள் முக்கியமானவை. தோட்டத்தில் முற்பணம் கைக்கு வந்ததும், புடவைக் கடைக்கு அடுத்தபடியாக மக்கள் எட்டிப் பார்ப்பது மின்சாதனக் கடைகளைத்தான். "டிவிக்கு நல்ல சத்தமான செட் ஒன்று காட்டுங்கள்" என்று கேட்டால் போதும், பெரும்பாலான கடைகளில் ஐந்து சிறிய பெட்டிகளும் ஒரு பெரிய பாஸ் பெட்டியும் கொண்ட 5.1 செட் மேசைக்கு வந்துவிடுகிறது. அது வாங்குபவரின் அறைக்குப் பொருந்துமா என்று கேட்கும் வழக்கம் குறைவு. அந்தக் கேள்வியைக் கேட்கும் வியாபாரிக்கே நீண்ட காலத்தில் இலாபம் என்பது எனது கருத்து.

முதலில் பணத்தின் பெறுமதியைப் பார்ப்போம். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. உதாரணத்துக்கு 27,000 ரூபா செட் ஒன்றை எடுத்துக்கொண்டால், அந்தக் கணக்கில் அது மழையிலும் பனியிலும் கொழுந்து பறித்த 20 நாள் உழைப்பு. இரண்டு மாதத்தில் அந்தச் செட் மூலையில் முடங்கிவிட்டால், அவர் மட்டுமல்ல, அவருடைய லயனில் உள்ள பத்துக் குடும்பங்களும் அடுத்த முறை வேறு கடைக்குத்தான் போகும்.

அறையின் அளவைக் கேளுங்கள்

பழைய லயன் அறை ஒன்று ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி. அதற்குள் கட்டில், அலுமாரி, டிவி மேசை எல்லாம் இருக்க வேண்டும். அடுத்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் ஒரே சுவர். கூரைத் தகரமும் லயன் முழுவதும் தொடராகவே செல்கிறது. இந்திய உதவியில் கட்டப்பட்ட தனி வீடுகள் 7 பேர்ச்சஸ் காணியில் 550 சதுர அடி கொண்டவை. அங்கே பொதுச் சுவர்ப் பிரச்சினை இல்லை. ஆனால் முன்அறை அங்கும் சிறியதுதான்.

5.1 முறையில் பின்பக்க ஸ்பீக்கர்கள் இரண்டும் பார்ப்பவரின் இருபுறமும், சற்றுப் பின்னால், போதிய இடைவெளி விட்டு இருக்க வேண்டும். 10 அடி அறையில் சுவரோரக் கட்டிலில் உட்கார்ந்து படம் பார்ப்பவருக்குப் பின்னால் இடமே இல்லை. பெட்டிகள் காதோடு ஒட்டி நிற்கும், அல்லது ஐந்தையும் டிவி மேசையிலேயே அடுக்கி விடுவார்கள். அப்படி அடுக்கினால் 5.1 என்பதற்குப் பொருளே இல்லை.

இன்னொரு விடயத்தையும் நாம் மறைக்கக் கூடாது. டிவியிலிருந்து சிவப்பு, வெள்ளை வயர் இரண்டை மட்டும் கொடுத்தால் செட்டுக்குள் போவது இரண்டு சனல் ஒலிதான். அதையே மற்றப் பெட்டிகளுக்கும் பங்கிட்டு அனுப்புகிறது. உண்மையான ஆறு சனல் ஒலிக்கு ஒப்டிகல் அல்லது எச்டிஎம்ஐ வழியாக டொல்பி டிஜிட்டல் போன்ற ஒலியைப் பெற்றுப் பிரிக்கும் வசதி செட்டில் இருக்க வேண்டும், பார்க்கும் படத்திலும் அந்த ஒலி இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் மிச்சப் பெட்டிகளுக்குக் கொடுத்த காசு வீண்.

எனவே 10க்கு 12 அறைக்கு எனது பரிந்துரை 2.1 செட். அதாவது இரண்டு நல்ல ஸ்பீக்கர், ஓர் அளவான சப்வூபர். மேசையில் இடமே இல்லாதவர்களுக்கு சவுண்ட்பார். இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் இடையே 5 அல்லது 6 அடி, பார்ப்பவருக்கும் அதே தூரம் என்று முக்கோணமாக வைத்தால் வசனமும் பாட்டும் தெளிவாகக் கேட்கும். மிகச் சிறிய கனசதுரப் பெட்டிகளைவிட, 3 அல்லது 4 அங்குலக் கோன் உள்ள பெட்டிகள் மனிதக் குரலுக்கு நல்லவை. குட்டிப் பெட்டியால் குரலின் கீழ்ப்பகுதியைத் தர முடியாது. அந்த வேலையும் சப்வூபருக்குப் போய்விடுவதால், பேச்சு மேசைக்குக் கீழிருந்து வருவது போலிருக்கும்.

வொட் கணக்கு

பெட்டியில் 2,000 வொட் பிஎம்பிஓ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அது விளம்பர எண். ஒரு நொடியின் சிறு பங்கில்கூட அந்தச் சக்தி வெளிவருகிறது என்பதற்கு உறுதியில்லை. பார்க்க வேண்டியது ஆர்எம்எஸ் வொட். அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டிலேயே அம்ப்ளிபயர்களின் சக்தியை எப்படி அளந்து விளம்பரம் செய்ய வேண்டும் என்று விதி கொண்டுவந்தது இந்தக் குழப்பத்தால்தான். கடையிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்றுண்டு. செட்டின் பின்புற லேபிளில் அது எவ்வளவு மின்சாரம் எடுக்கும் என்று எழுதியிருக்கும். 60 வொட் எடுக்கும் சாதனம் தொடர்ச்சியாக 2,000 வொட்டை வெளியே தள்ள முடியுமா? வாடிக்கையாளருக்கு இதைக் காட்டிப் பாருங்கள், உடனே விளங்கிக்கொள்வார்.

உண்மையில் சின்ன அறைக்கு எவ்வளவு வேண்டும்? சாதாரண ஸ்பீக்கர் ஒன்று 1 வொட்டில், 1 மீற்றர் தூரத்தில் 85 டெசிபல் அளவு ஒலி தரும். 10 வொட் கொடுத்தால் 95 டெசிபல். இரண்டு மீற்றர் தள்ளி உட்கார்ந்தால் 90 டெசிபல் அளவுக்குக் குறையும். சாதாரணப் பேச்சு 60 டெசிபல். தினமும் 8 மணிநேரம் 85 டெசிபலுக்கு மேல் கேட்டால் செவிக்குப் பாதிப்பு. ஆகவே பக்கத்துக்கு 20 வொட் ஆர்எம்எஸ் இருந்தால் லயன் அறைக்குத் தாராளம். சக்தியை இருமடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே, காதுக்கு அது சிறிய வித்தியாசம். இருமடங்கு சத்தமாகக் கேட்க வேண்டுமானால் 10 மடங்கு சக்தி தேவை. 50 வொட் செட்டை விட்டு 100 வொட்டுக்கு மேலதிகமாகப் பணம் கொடுப்பவர் பெறுவது என்ன என்பதை யோசித்துப் பாருங்கள்.

பாஸும் பக்கத்து வீடும்

கடையில் போட்டுக் காட்டும் பாஸ், வீட்டில் அப்படியே இருக்காது. ஒவ்வொரு அறையும் தன் நீளத்துக்கு ஏற்பச் சில தாழ் ஒலிகளை ஊதிப் பெருக்கும். 10 அடிக்கு அது ஏறத்தாழ 56 ஹேர்ட்ஸ், 12 அடிக்கு 47 ஹேர்ட்ஸ். சப்வூபர் அதிகம் வேலை செய்யும் இடமும் அதுதான். மூலையில் வைத்தால் இன்னும் கூடும். தாழ் ஒலி சுவரை எளிதாகக் கடந்து போவதால், படம் பார்ப்பவருக்கு அளவாக இருப்பதே அடுத்த அறையில் குழந்தையைத் தூங்க வைப்பவருக்கு இடியாக விழும். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் இருக்கும் லயன்களில் இதனால் வரும் மனக்கசப்பு சிறியதல்ல.

எனவே பாஸைக் குறைக்கத் தனிக் கட்டுப்பாடு உள்ள செட்டையே கொடுங்கள். பொதுச் சுவரிலும் மூலையிலும் சாராமல், தடித்த ரப்பர் விரிப்பின் மேல் சப்வூபரை வைக்கச் சொல்லுங்கள். இந்த ஆலோசனைக்குச் செலவில்லை.

இணைப்பு, மின்சாரம், ஈரம்

விற்பதற்கு முன் வாடிக்கையாளரின் டிவியின் பின்புறத்தைக் கைபேசியில் படம் எடுத்து வரச் சொல்லுங்கள். பழைய டிவியில் சிவப்பு, வெள்ளைத் துளைகள் இருக்கும். புதிய டிவி பலவற்றில் ஒப்டிகலும் எச்டிஎம்ஐயும்தான். 2009இல் வந்த ஏஆர்சி வசதி டிவி, செட் இரண்டிலும் இருந்தால் ஒரே கேபிளில் வேலை முடியும். இல்லாவிட்டால் சிறிய மாற்றி ஒன்று தேவைப்படும், அதையும் கடையில் வைத்திருங்கள். புளூடூத் பாட்டுக்கு நல்லது. படத்துக்கு உதட்டசைவும் குரலும் ஒத்துப் போகாமல் இருக்கலாம்.

மலையகத்தின் ஈரத்தை மறந்துவிடக் கூடாது. கடதாசிக் கோனும் அதைச் சுற்றியுள்ள ஃபோம் வளையமும் ஈரத்தில் விரைவில் பழுதாகும். ரப்பர் வளையமுள்ளதைத் தெரிவு செய்யுங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இடிமின்னல் அதிகம். மின்னும்போது மின் செருகியையும் அன்ரனா வயரையும் கழற்றிவிடச் சொல்வது பல திருத்த வேலைகளைத் தவிர்க்கும்.

கையிருப்பும் கணக்கும்

2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 அளவுக்கு ஏறியதை நாம் எல்லோரும் அனுபவித்தோம். அதற்கு முன்பே, 2020 முதல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வந்தன. வற் வரி 2024 ஜனவரியில் 18 வீதமானது. இப்படியான சந்தையில் மெதுவாக விலைபோகும் பெரிய பெட்டிகளில் முதலைப் பூட்டி வைப்பது ஆபத்து. இரண்டு அல்லது மூன்று மொடல்களை மட்டும் தெரிவு செய்து, அவற்றுக்கான அடெப்டர், ரிமோட், உதிரி ஸ்பீக்கர் ஆகியவற்றையும் சேர்த்து வாங்கி வைப்பவர், உத்தரவாதக் காலத்தில் செட்டைக் கொழும்புக்கு அனுப்பி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை.

பற்றுச்சீட்டில் மொடல் இலக்கம், விற்ற திகதி, உத்தரவாதக் காலம் மூன்றையும் எழுதுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் உங்கள் வாடிக்கையாளருக்கும் தெரியும். தவணைக்குக் கொடுப்பவர்கள் மொத்த விலையை முதல் நாளே ஒரே தொகையாகச் சொல்லி எழுதிக் கொடுப்பது இரு தரப்புக்கும் நிம்மதி.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் அடுத்த ஓடர் கொடுக்கும்போது, பெட்டியில் உள்ள பெரிய எண்ணை விட்டுவிட்டு மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: ஆர்எம்எஸ் எத்தனை, பாஸுக்குத் தனிக் கட்டுப்பாடு உண்டா, உதிரிப்பாகம் கிடைக்குமா? பதில் சொல்லத் தெரியாத மொத்த வியாபாரியிடம் மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம். இருபது நாள் உழைப்பைக் கொண்டுவந்து உங்கள் மேசையில் வைப்பவரின் நம்பிக்கை ஓர் அமானிதம்.