மூன்று என்றால் மூன்று

செயலி நள்ளிரவில் படுத்துவிட்டால் யாராவது எழுந்து சர்வருக்குள் நுழைந்து அதைத் திரும்பக் கிளப்ப வேண்டும். இந்தத் தூக்கக்கேட்டுக்கு இன்று பலரும் நாடும் மருந்து குபெர்நெட்டிஸ். தன் வேலைகளை ஏராளமான கணினிகளில் பிரித்து ஓட்ட கூகுள் உள்ளுக்குள் வைத்திருந்த 'போர்க்' என்ற அமைப்பின் அனுபவத்தில் எழுந்தது. 2014 ஜூனில் எல்லாருக்கும் பொதுவாகத் திறந்துவிட்டார்கள்.

செயலியையும் அதற்கு வேண்டிய லைப்ரரிகளையும் சேர்த்துக் கட்டிய பொட்டலம்தான் கன்டெய்னர். 2013-இல் டாக்கர் வந்தபின் கட்டுவது சுலபமாகிவிட்டது. எந்தப் பொட்டலத்தை எந்த சர்வரில் ஓட்டுவது, நின்றுபோனால் யார் கவனிப்பது என்பதுதான் மிச்சமிருந்த தலைவலி. அதைத் தன் தலையில் போட்டுக்கொள்வது குபெர்நெட்டிஸ். அது ஆளும் சர்வர் கூட்டத்துக்குத்தான் கிளஸ்டர் என்று பெயர்.

எங்கோ ஒரு டேட்டா சென்டரில் வாடகைக்கு எடுத்த மூன்று லினக்ஸ் சர்வர்கள் போதும், பழகிப் பார்க்க. ஒவ்வொன்றிலும் 2 ஜிபி ராமாவது இருக்கட்டும். மூன்றிலும் ஸ்வாப்பை (வட்டை நினைவகமாகப் பயன்படுத்துவதை) அணைத்து, கன்டெய்னர்களை ஓட்டும் கன்டெய்னர்டியையும் 'க்யூப்-ஏடிஎம்' கருவியையும் நிறுவி, தலைமை சர்வரில் அந்தக் கருவியை ஓட்டினால், கடைசியில் ஒரு நீளமான கட்டளையை அச்சிட்டுத் தரும். மற்ற இரண்டிலும் அதை ஒட்டினால் அவை வந்து சேர்ந்துகொள்ளும். அதிலுள்ள டோக்கனுக்கு ஆயுள் 24 மணி நேரம். நாளை மறுநாள் ஒட்டினால் கதவு திறக்காது, புது டோக்கன் எடுக்க வேண்டும்.

சேர்ந்ததும் பட்டியலைப் பார்த்தால் எல்லா சர்வருக்கும் நேராக 'நாட் ரெடி' என்றிருக்கும். புதியவர்கள் பதறுவது இங்கேதான். கோளாறு ஒன்றுமில்லை. ஒரு சர்வரிலுள்ள கன்டெய்னர் இன்னொரு சர்வரிலுள்ளதோடு பேசுவதற்கான வலையமைப்பைக் குபெர்நெட்டிஸ் தானாகக் கொண்டுவராது. ஃபிளானல், காலிக்கோ போன்ற ஒன்றை நாம்தான் போட வேண்டும். போட்ட சற்று நேரத்தில் 'ரெடி' ஆகிவிடும்.

இனி குபெர்நெட்டிஸிடம் 'இதை ஓட்டு, அதை நிறுத்து' என்று சொல்வதில்லை. 'இந்தச் செயலிக்கு மூன்று பிரதிகள் இருக்க வேண்டும்' என்று ஒரு கோப்பில் எழுதிக் கொடுக்கிறோம். வேண்டியது எத்தனை, இருப்பது எத்தனை என்று அது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. வேண்டுமென்றே ஒன்றை அழித்துப் பாருங்கள். அடுத்த நொடிகளில் புதிதாக ஒன்று முளைக்கும். இதன் மொத்த சாமர்த்தியமும் இந்தப் பிடிவாதத்தில்தான் இருக்கிறது.

ஒரு சர்வரே விழுந்தால் மட்டும் கொஞ்சம் பொறுக்கும். ஒரு நிமிடத்துக்குள் 'இதனிடமிருந்து சத்தமில்லை' என்று குறித்துக்கொண்டாலும், அதிலிருந்த வேலையை வேறிடத்துக்கு மாற்ற வழக்கமாக 5 நிமிடம் காத்திருக்கும். வெறும் வலையமைப்புத் துண்டிப்பாக இருந்துவிடலாமே! அதுவரை மற்ற பிரதிகள் சமாளிக்கும்.

இந்த 'வேண்டியது' எல்லாம் தலைமை சர்வரிலுள்ள எட்சிடி என்ற தரவுத்தளத்தில் இருக்கிறது. தலைமை ஒன்று போதாதென்று இரண்டு வைப்பவர்கள் உண்டு. அது ஒன்றைவிட மோசம். எட்சிடிக்குப் பெரும்பான்மை வேண்டும்: இரண்டில் எது போனாலும் மிஞ்சுவது பாதிதான். மூன்றாக வைத்தால் ஒன்றை இழக்கலாம், ஐந்தாக வைத்தால் இரண்டை.

சின்னக் கடைக்கான வலைத்தளம் ஒன்றுதான் இருக்கிறதென்றால், என்னைக் கேட்டால் இத்தனை பாடு வேண்டாம். ஒரு சர்வரும் டாக்கரும் போதும். கிளஸ்டரே தேவை என்றால், எட்சிடியின் நகலைத் தவறாமல் எடுத்து கிளஸ்டருக்கு வெளியே வையுங்கள். மற்ற சர்வர்கள் போனால் புதிதாகச் சேர்த்துக்கொள்ளலாம். எட்சிடி நகலின்றி அழிந்தால், மூன்று கேட்டிருந்தோம் என்பதே கிளஸ்டருக்குத் தெரியாது.