தீவிர சிகிச்சைக்குப் பின் உடல் தேறுவது எப்படி?

கொடிய நோயொன்றில் சிக்கி, ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பல நாள் கிடந்த ஒருவர் உயிருடன் வீடு திரும்பினால், குடும்பத்தார் அடையும் மகிழ்ச்சிக்கு அளவில்லை. கண்டம் கழிந்தது என்று எல்லோரும் ஆறுதல் கொள்கின்றனர். ஆயினும், சில நாள்களுக்குள் வேறொரு கவலை தலைதூக்குகிறது. நாலடி நடந்தால் மூச்சு வாங்குகிறது. தண்ணீர்க் குடத்தைத் தூக்கக் கை வலுவற்றிருக்கிறது. சொன்ன சொல் நினைவில் நிற்பதில்லை. ‘குணமான மனிதர் ஏன் இப்படி இருக்கிறார்?’ என்று வீட்டார் திகைக்கின்றனர். சோம்பல் என்று பேசுவாரும் உளர். இது சோம்பலன்று. வைத்திய அறிஞர்கள் ஆராய்ந்து, 2012-ஆம் ஆண்டு முதல் தனிப் பெயரிட்டு வழங்கிவரும் ஒரு நிலை இது. கிரமமான பயிற்சியினால் இதனைப் பெரிதும் குறைக்க முடியும் என்பதை அங்கத்தினர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தீவிர சிகிச்சை பிறந்த கதை

தீவிர சிகிச்சை என்னும் முறையே வைரஸ் நோயொன்றை எதிர்த்த போராட்டத்தில் உருவானது. 1952-ஆம் ஆண்டு டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் கடுமையாகப் பரவிற்று. மூச்சுத் தசைகள் செயலிழந்த நோயாளிகள் ஒருவர் பின் ஒருவராக மாண்டனர். அப்போது பியோர்ன் இப்சன் என்னும் மயக்க மருந்து நிபுணர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, ரப்பர்ப் பையைக் கையால் அமுக்கிக் காற்றூட்டும் வழியைக் காட்டினார். சுமார் 1,500 மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவு பகலாகப் பையை அமுக்கினர். பல உயிர்கள் காக்கப்பட்டன. அன்று கை செய்த வேலையை இன்று யந்திரம் செய்கிறது.

2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் கோவிட்-19 பரவியபோது, இச்சிகிச்சை பெற்று மீண்டவர் தொகை முன்னெப்போதும் இல்லாத அளவு பெருகிற்று. மீண்டவரை மீண்டும் நடமாடச் செய்வது எப்படி என்ற கேள்வியும் அதனோடு பெரிதாயிற்று.

உடல் தளர்வது ஏன்?

படுத்த படுக்கையில் அசைவின்றிக் கிடக்கும் உடலில் தசை விரைவில் கரையும். கடும் நோயின்போது உடலில் எழும் அழற்சி தசையின் புரதத்தையே சிதைப்பதால், அது மேலும் விரைவாகக் கரைகிறது. லண்டனில் நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்றில், தீவிர சிகிச்சையிலிருந்தோரின் தொடைத் தசை பத்தே நாளில் ஏறக்குறைய 18 சதவிகிதம் சுருங்கியது கண்டறியப்பட்டது. சிலருக்கு நரம்புகளும் தளர்கின்றன. சுவாசக் குழாய் இருந்த தொண்டையில் குரல் கம்முவதும், உணவு விழுங்கச் சிரமப்படுவதும் உண்டு.

கனடாவின் டொரான்டோ நகர அறிஞர்கள், நுரையீரல் செயலிழந்து பின் மீண்ட 109 பேரைக் கவனித்து 2003-இல் முடிவுகளை வெளியிட்டனர். ஓராண்டு சென்ற பின்னும், ஆறு நிமிஷத்தில் அவர்கள் நடந்த தூரம், நடக்கக்கூடும் என்று கணித்த தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கே. நுரையீரல் பெரும்பாலும் தேறியிருந்தது. தசையின் தளர்ச்சியே தடையாக நின்றது. ஓராண்டு முடிவில் வேலைக்குத் திரும்பியிருந்தவர்கள் ஏறத்தாழப் பாதிப் பேர்தாம்.

மனமும் களைப்புறுகிறது. சிகிச்சையின்போது பலருக்குச் சித்தக் குழப்பம் உண்டாகி, இல்லாதன தோன்றுகின்றன. வீடு திரும்பிய பின்னும் கெட்ட கனவு, அச்சம், மறதி தொடரலாம். தாம் புத்தி பேதலித்துவிட்டதாக எண்ணி வெளியே சொல்லக் கூசுவோர் பலர். இதுவும் நோயின் விளைவே என்று அன்புடன் எடுத்துச் சொல்வது அவர்களுக்கு முதல் மருந்து.

பயிற்சியின் பயன்

பூரண ஓய்வே மருந்து என்ற பழைய எண்ணம் இன்று மாறிவிட்டது. அமெரிக்காவில் 104 நோயாளிகளைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சி 2009-இல் வெளிவந்தது. சுவாசக் கருவியில் இருக்கும்போதே தினமும் சிறிது விழிக்கச் செய்து, கைகால் அசைத்தல், உட்காருதல், நிற்றல் ஆகியவற்றில் பழக்கப்பட்டோருள் 59 சதவிகிதத்தினர் ஆஸ்பத்திரியை விட்டு நீங்குகையில் தம் காரியங்களைத் தாமே செய்துகொள்ள வல்லவராயினர். வழக்கமான சிகிச்சை பெற்றோருள் அவ்வாறு ஆனவர் 35 சதவிகிதத்தினரே.

வீட்டிலும் இப்பயிற்சி தொடர வேண்டும். வைத்தியரையும் இயன்முறைச் சிகிச்சையாளரையும் கலந்து அளவை வகுத்துக்கொள்ளல் அவசியம். பொதுவாக அதன் படிகள் இவை: முதலில் கட்டிலோரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்காருதல், பின் நாற்காலியிலிருந்து எழுந்து அமர்தல், பின் வீட்டுக்குள் நடை, அதன்பின் தெருவில் சில நிமிஷ நடை. நடக்கும்போது பேச முடிகிறதா என்று பார்க்க வேண்டும். வாக்கியம் முடியுமுன் மூச்சுத் திணறினால் வேகம் மிகுதி. மறுநாள் களைப்பு மிகுந்தால் பயிற்சியைக் குறைத்துக்கொள்ள வேண்டும். மூச்சு வாங்கும்போது மேசைமீது கைகளை ஊன்றி முன்சாய்ந்து அமர்ந்து, மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து மெல்ல வெளிவிட்டால் ஆறுதல் கிட்டும்.

தசை வளரப் புரதம் வேண்டும். பருப்பு, சுண்டல், பால், முட்டை, மீன் ஆகியவற்றில் இயன்றதைச் சிறிது சிறிதாகப் பலமுறை கொடுக்கலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர் வைத்தியரைக் கேட்டே உண்ண வேண்டும். சும்மா இருக்கையிலும் மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மயக்கம், ஒரு காலில் மட்டும் வீக்கம் ஆகியவற்றுள் ஏதேனும் கண்டால் பயிற்சியை நிறுத்தி உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வீட்டுக்கே வந்து அளிக்கும் இயன்முறைச் சிகிச்சையும் சேர்க்கப்பட்டது. இவ்வகை உதவிக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகலாம்.

தறிக்குத் திரும்புதல்

சங்கங்களின் கூலிப் பதிவேடுகளைப் பார்வையிடுகையில், 2021-ஆம் ஆண்டின் பக்கங்களில் சில பெயர்களுக்கு எதிரே பல மாதம் வெற்றிடமாக இருப்பதை நாம் கண்டதுண்டு. அதன் பின்னால் ஒரு குடும்பத்தின் கடனும் கலக்கமும் இருக்கின்றன. கடனை நினைத்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே குழித்தறியில் இறங்கி நாள் முழுதும் மிதிப்பவர், இரண்டே நாளில் படுக்கையில் விழுகிறார். பாவில் அறுந்த இழையைப் பிணைத்தவுடன் விசையாக நெய்தால் அது மீண்டும் அறும் என்பதை நெசவாளருக்கு நாம் கற்பிக்க வேண்டியதில்லை.

வைத்தியர் இசைவு தந்தபின், முதலில் உட்கார்ந்தபடி அரைமணி நேரம் தார் சுற்றலாம். அது பழகினால் தறியில் காலையில் ஒரு சிறு பொழுது, ஓய்வின்பின் மாலையில் ஒரு சிறு பொழுது நெய்யலாம். விவசாயி முதலில் விதை பொறுக்குதல் போன்ற இலகுவான வேலையைச் செய்யட்டும். மண்வெட்டியும் மூட்டையும் பின்னால் வரட்டும்.

இதில் சங்கத்துக்கும் ஒரு கடமை உண்டு. அரைப்பாவு நெய்ய வல்லவருக்கு அரைப்பாவு கொடுப்பது எப்படி என்று நிர்வாகக் குழு ஆலோசிக்கலாம். தவணை தவறிய காரணத்தை விசாரித்தறிந்து, விதிகள் இடந்தரும் மட்டும் அவகாசம் கோர அங்கத்தினருக்கு வழிகாட்டலாம். முழு வேலை அல்லது வேலையே இல்லை என்ற நிலையில், தேறிவரும் மனிதன் தோற்றுப்போகிறான். அளவான வேலை அவனுக்குக் கூலியாவதோடு மருந்துமாகும். ஒருவர் நலிந்த காலத்தில் பலர் தாங்குவதற்கன்றோ கூட்டுறவு ஏற்பட்டது!