விண்கல் வருதாம்ல!

2025 பிப்ரவரியில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இருந்த எவருக்கும் 2024 ஒய்ஆர்4 என்ற விண்கல்லை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ‘2032 டிசம்பர் 22, பூமிக்கு ஆபத்து’ என்று சிவப்பு எழுத்தில் படம் வரும். அண்ணாந்து பார்க்கும் டைனோசர் ஒன்றும் அதில் கட்டாயம் இருக்கும். அதற்குக் கீழே வந்த பதில்கள்தான் சுவாரஸ்யம். ஹவுசிங் லோன் 2035 வரைக்கும் இருக்கு, கடைசி மூணு வருஷத் தவணை மிச்சம் என்பது ஒரு ரகம். அதுக்குள்ள மெட்ரோ வேலை முடிஞ்சிடுமா என்பது இன்னொரு ரகம். கல் விழக்கூடிய ஊர்களின் பட்டியலில் மும்பை, கொல்கத்தா என்று பெயர் அடிபட்டதும், நல்லவேளை நம்மூர் இல்லை என்று ஒரு பெருமூச்சு.

திடுக்கிட வைக்கும் அறிவியல் செய்திகளை மக்கள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள்? இதுதான் கேள்வி. அறை வெப்பநிலை மீக்கடத்தி என்று கொண்டாடப்பட்ட கொரியாவின் எல்கே-99, அழிந்துபோய் ‘மீண்டு வந்த’ ஓநாய் என்று எழுத நிறைய இருக்கிறது. அதையெல்லாம் பார்த்துச் சிரித்தாலும் மறந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. விண்கல் விஷயம் அப்படியல்ல என்பதால் இந்தக் கட்டுரை அதிலேயே நின்றுவிடுகிறது.

அந்த இரண்டு மாத எண்களைக் கொஞ்சம் பாருங்கள். 2024 டிசம்பர் 27 அன்று சிலி நாட்டுத் தொலைநோக்கி ஒன்று கல்லைக் கண்டது. ஜனவரி கடைசியில் மோதும் வாய்ப்பு 1 சதவீதத்தைத் தாண்டியது. உலக நாடுகளுக்கு முறைப்படி அறிவிப்பு போனது. பிப்ரவரி முதல் வாரம் 2.3. பிப்ரவரி 18-ல் 3.1. இந்த அளவிலோ இதைவிடப் பெரிதாகவோ உள்ள ஒரு கல்லுக்கு இதுவரை சொல்லப்பட்டதிலேயே இதுதான் உச்சம். மறுநாள் 1.5. அதற்கடுத்த நாள் 0.28. மாதம் முடிவதற்குள் 0.004. அவ்வளவுதான், கதை முடிந்தது.

இந்த எண்களைப் படித்தவர்களில் பாதிப் பேர் கல் முதலில் நம்மை நோக்கி வந்து பிறகு மனம் மாறித் திரும்பிவிட்டதாகவே நினைத்தார்கள். மீதிப் பேர் விஞ்ஞானிகள் உளறிவிட்டு மாற்றிச் சொல்கிறார்கள் என்றார்கள். இரண்டும் இல்லை. ஒரு தெருவில் நூறு வீடு. ஏதோ ஒன்றில் திருடன் ஒளிந்திருக்கிறான். ஐம்பது வீடுகளைச் சோதித்தாகிவிட்டது, அவன் அகப்படவில்லை. உங்கள் வீடு சோதிக்கப்படாத ஐம்பதில் ஒன்று. திருடன் இருந்த இடத்தைவிட்டு அசையவே இல்லை. ஆனாலும் அவன் உங்கள் வீட்டில் இருக்கும் வாய்ப்பு 1 சதவீதத்திலிருந்து 2 ஆகிவிட்டது. உங்கள் வீட்டையும் திறந்து பார்த்துவிட்டால் அடுத்த நிமிடம் பூஜ்யம். ஒய்ஆர்4 விவகாரத்தில் நடந்ததும் இதேதான். கல் போகக்கூடிய பாதை முதலில் மிக அகலமாகக் கணிக்கப்பட்டது. அளக்க அளக்க அது குறுகியது. குறுகிய பாதைக்குள்ளும் பூமி இருந்தவரை சதவீதம் ஏறியது. பூமி வெளியே வந்ததும் விழுந்தது. ஏறுவது கணக்கு சரியாக நடக்கிறது என்பதற்கு அடையாளம். ஏறிய நாள்களில் இந்த ஒரு வரியைச் சொல்ல எந்தத் தலைப்புச் செய்திக்கும் பொறுமை இல்லை.

டைனோசர் படம் போட்டவர்களுக்கு இன்னொரு கணக்கு. டைனோசர்களை அழித்த கல்லின் குறுக்களவு ஏறத்தாழ 10 கிலோமீட்டர். ஒய்ஆர்4 சுமார் 60 மீட்டர் என்று ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அளந்தது. இதைப்போல நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கற்களை உருட்டிச் சேர்த்தால்தான் அந்தக் கல் ஆகும். அதற்காக 60 மீட்டர் என்றால் கூழாங்கல் என்றும் நினைத்துவிட வேண்டாம். 1908-ல் சைபீரியாவின் துங்குஸ்கா காட்டுக்கு மேல் வெடித்ததும் ஏறக்குறைய இந்த ரகக் கல்தான். 2,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் மரங்கள் சாய்ந்தன. உலகம் அழியாது, ஒரு ஊர் அழியும். ‘உலகம் அழியும்’ என்ற செய்திக்கு ஆயிரம் ஃபார்வர்டு, ‘ஒரு ஊர் அழியலாம்’ என்பதற்குப் பத்துகூட இல்லை.

நம் கவலை விண்கல் அல்ல, சதவீதம். ‘3 சதவீதம்’ என்று சொன்னால் அதை எங்கே வைத்துக்கொள்வது என்று நமக்குத் தெரியவில்லை. ஒன்று, நடந்தே தீரும். இல்லாவிட்டால், நடக்கவே நடக்காது. நடுவில் நிற்க யாரும் பழகவில்லை.

விண்ணை விட்டு மண்ணுக்கு வருவோம். 2024 அக்டோபர் நடுவில் சென்னைக்கு ரெட் அலர்ட். வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களை ஏற்றி நிறுத்தினார்கள். 2015 வெள்ளத்தையும் 2023 வெள்ளத்தையும் பார்த்தவர்கள் வேறென்ன செய்வார்கள்? 16ஆம் தேதி எதிர்பார்த்த அளவு பெய்யவில்லை. அவ்வளவுதான், மழையைவிட அதிகமாக மீம் கொட்டியது. பாலத்தில் கார் நிறுத்தியவரும் கேலிக்கு ஆளானார், அலர்ட் கொடுத்தவரும் கேலிக்கு ஆளானார். ஆறேழு வாரம் போனது. ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர். அக்டோபரில் சிரித்த பழக்கத்தில் டிசம்பரில் எத்தனை பேர் அசட்டையாக இருந்தார்கள் என்பதற்குக் கணக்கு ஏதும் இல்லை. ஒருவர்கூட இருந்திருக்க மாட்டார் என்று சொல்ல முடியுமா?

சிரித்துக் கடப்பது மனதுக்கு நல்லது, பயந்து நடுங்குவதற்கு அது தேவலை என்கிறவர்களும் உண்டு. இருக்கட்டும்.

2013 பிப்ரவரி 15-ஐ அவர்களுக்கு நினைவூட்ட வேண்டும். அன்று ஒரு விண்கல் பூமிக்கு மிக அருகில் கடக்கப் போகிறது என்று முன்பே தெரியும். உலகமே அதற்காகக் காத்திருந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாத இன்னொரு கல், 20 மீட்டர்தான் இருக்கும், சூரியன் இருக்கும் திசையிலிருந்து எவர் கண்ணிலும் படாமல் வந்து ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேல் வெடித்தது. காலை நேரம். வானத்தில் சூரியனை மிஞ்சும் வெளிச்சம். என்னவென்று பார்க்க ஜனங்கள் ஜன்னலுக்கு ஓடினார்கள். ஒளி முந்தி வரும், அதிர்வலை பிந்தி வரும். ஒன்றிரண்டு நிமிடம் கழித்து வந்த அதிர்வில் ஜன்னல் கண்ணாடி எல்லாம் முகத்தில் சிதறியது. சுமார் 1,500 பேருக்குக் காயம், பெரும்பாலும் கண்ணாடிக் காயம். ஒரு நாலாம் வகுப்பு ஆசிரியை வெளிச்சத்தைப் பார்த்ததும் பிள்ளைகளை மேஜைக்கு அடியில் போகச் சொன்னார். பிள்ளைகளுக்கு ஒரு கீறல் இல்லை. நின்றுகொண்டிருந்த அவர் கையைத்தான் கண்ணாடி கிழித்தது.

கடல் உள்வாங்கினால் வேடிக்கை பார்க்கப் போகாதே என்று இன்று நாகப்பட்டினத்துச் சிறுபிள்ளைக்கும் தெரியும். 2004 சுனாமிக்கு முன் தெரியாது. வானத்தில் பளிச்சென்று வெளிச்சம் வந்தால் ஜன்னலைவிட்டு விலகு என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

2004 என்றதும் ஒரு விஷயம். அந்த டிசம்பரில் அபோஃபிஸ் என்று பின்னால் பெயர் பெற்ற கல்லைப் பற்றிய எச்சரிக்கை எகிறிக்கொண்டிருந்தது. விண்கல் ஆபத்தை அளக்கும் டொரினோ அளவுகோலில் அது 4-ஐத் தொட்டது. முன்னும் பின்னும் வேறெந்தக் கல்லும் தொடாத இடம். ஒய்ஆர்4 கூட 3 வரைதான் ஏறியது. 27ஆம் தேதி அபோஃபிஸ் மோதும் வாய்ப்பு 2.7 சதவீதம். அதற்கு முந்தைய நாள்தான் சுனாமி. நம் கரையில் யார் அன்று வானத்தைப் பார்த்தார்கள்? உலகப் பத்திரிகைகளிலும் கல்லுக்கு இடமில்லை. அதே 27ஆம் தேதி, மார்ச் மாதத்துப் பழைய படங்களில் அந்தக் கல் பதிவாகியிருப்பது தெரியவந்து, 2029 மோதல் இல்லை என்றானது. பயமும் தெரியாமல் நிம்மதியும் தெரியாமல் கடந்துபோன செய்தி அது.

இப்போது அப்படிப் போகாது. பயம் மட்டும் நிச்சயம் வந்து சேரும். நிம்மதிக்குத்தான் நெட்வொர்க் கிடைப்பதில்லை. ஒய்ஆர்4 பூமியைத் தொடாது என்று முடிவான பிறகு, 2025 நடுவில், நிலவில் மோத 4 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு என்று கணக்கு வந்தது. பூமிக்குச் சொன்ன உச்சத்தைவிட அதிகம். குடும்பக் குழுவில் பேச்சு மூச்சே இல்லை.

அடுத்த திருவிழாவுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. அபோஃபிஸ் 2029 ஏப்ரல் 13 வெள்ளிக்கிழமை, தரையிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டரில் கடக்கிறது. டிவி ஒளிபரப்பும் செயற்கைக்கோள்களே 36,000 கிலோமீட்டரில்தான் சுற்றுகின்றன. 340 மீட்டர் கல். ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் வெறுங்கண்ணுக்கே தெரியும். இன்னும் நூறு ஆண்டுகளுக்கு மோதாது என்பது 2021-லேயே ரேடார் வைத்து உறுதிசெய்யப்பட்டது. மிக நெருங்கும் நேரம் நம் கடிகாரத்தில் சனிக்கிழமை விடியற்காலை 3.16. அன்று சித்திரை 1. சேனலுக்குச் சேனல் புத்தாண்டுப் பலன் ஓடும் காலை. கல் எந்த ராசிக்காரர்களுக்கு ஆகாது என்ற பட்டியல் அதற்குள் தயாராகியிருக்கும். டொரினோ அளவுகோலில் அதன் இடம் பூஜ்யம் என்ற வரிக்குத் திரையின் அடியில் இடம் விடுவார்களா என்பதுதான் சந்தேகம்.