ஆளுக்கு இரண்டு தந்தி

கொல்கத்தாவில் லால்பஜாரை ஒட்டிய ரவீந்திர சரணியில் இசைக்கருவிக் கடைகள் வரிசையாக உள்ளன. பணிமாற்றலில் அந்நகருக்குச் சென்ற முதல் ஆண்டில், பேஸ் கிட்டாருக்குத் தந்தி வாங்க ஒரு மாலை அங்கே போயிருந்தேன். கடையில் ஒரே ஒரு பொட்டலம்தான் மீதமிருந்தது. அதைக் கேட்டு எனக்கு முன்பே ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு வேண்டியவை மெல்லிய தந்திகள் இரண்டு; எனக்கோ தடித்தவை இரண்டு. பொட்டலத்தைப் பிரித்து விற்கக் கடைக்காரர் இசையவில்லை. ஆகவே பாதிப் பாதி விலை கொடுத்து வாங்கி, வாசலில் நின்று பங்கிட்டுக்கொண்டோம்.

பக்கத்துக் கடையில் மண் கோப்பைத் தேநீர் அருந்தும்போது அவர் சொன்னார்: “பேஸ் வாசிக்கும் இன்னொருவரோடு நான் உட்கார்ந்து பேசி ஆறு ஆண்டுகள் ஆகின்றன.”

முதலில் மிகையாகத் தோன்றிய அச்சொல்லின் நியாயம் பின்னர் விளங்கிற்று. ஓர் இசைக்குழுவில் கிட்டார் வாசிப்போர் இருவர் இருக்கலாம், பாடுவோர் மூவர் இருக்கலாம். பேஸ் வாசிப்பவர் பெரும்பாலும் ஒருவரே. தம் தொழிலின் நுணுக்கத்தைக் கேட்டறிய அவருக்குப் பக்கத்தில் ஆள் இல்லை. போதாக்குறைக்கு, விரும்பி இக்கருவிக்கு வந்தவர்களும் குறைவு. 1961இல் பீட்டில்ஸ் குழுவிலிருந்து ஸ்டூவர்ட் சட்கிளிஃப் விலகியபோது, வேறு எவரும் முன்வராமையால்தான் பால் மெக்கார்ட்னி பேஸை ஏற்றார். கல்லூரிக் குழுவில் எனக்கு வாய்த்ததும் அவ்வாறே. வணிகவியல் படித்தவன் கணக்காகத் தாளம் பிடிப்பான் என்று நண்பர்கள் அதை என் கையில் கொடுத்துவிட்டார்கள். பிறகு வங்கிப் பணி, குடும்பம். கருவி இருபது ஆண்டுகள் பரணில் கிடந்தது.

தேநீர்க் கடையில் பிறந்த பழக்கம் ஞாயிறு மாலைகளுக்கு நீண்டது. வட கொல்கத்தாவில் அவருடைய பழைய வீட்டின் முதல் மாடியில் கூடினோம். அவர் அறிந்த ஒருவர், அவர் அழைத்துவந்த மாணவி, கருவியை விற்க வந்து விற்காமலே தங்கிவிட்ட ஒருவர் என நான்கு மாதங்களில் எழுவரானோம். வேலையற்று உட்கார்ந்து பேசுவதற்கு வங்காளிகள் ‘அட்டா’ என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள்; ஆகவே கூட்டத்திற்கு நோக்கம் என்னவென்று அங்கு எவரும் கேட்பதில்லை. என்னை எல்லோரும் ‘தாதா’ என்று அழைத்தபோதுதான் தமிழ்ச் செவி சற்றுத் திடுக்கிட்டது. அங்கே அதன் பொருள் அண்ணன் என்பதே.

கைபேசி வழியே பேசிக்கொள்ளலாமே என்று தோன்றக்கூடும். பேஸின் மிகத் தடித்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. அந்த ஒலியைக் கைபேசியின் சிறிய ஒலிபெருக்கியால் உள்ளபடி வெளியிட இயலாது. ஒரே அறையில் இருந்தால்தான் விரல் செய்வது காதுக்கு வரும். ஆனால் அதே தாழ்ந்த ஒலி சுவரையும் தளத்தையும் எளிதில் கடந்துவிடுகிறது. கீழ்வீட்டு மூதாட்டி ஒருநாள் ஆளனுப்பினார். இரைச்சல் தமக்குத் தொல்லையில்லை என்றும், ஒரு குறிப்பிட்ட சுரத்தில் மட்டும் அலமாரித் தட்டுகள் நடுங்குவதாகவும் செய்தி. அன்று முதல் ஒலியைக் குறைத்தோம். இரவு எட்டு மணிக்கு நிறுத்தினோம்.

ஏழு பேர் வரிசையாக வாசித்தால் கேட்கச் சகிக்காது. ஆகவே ஒருவர் வாசிப்பார், மற்றவர் பார்ப்பார். மழைக்காலத்தில் கருவியின் கழுத்து வளைந்து தந்தி உயர்ந்துவிடும். உள்ளேயுள்ள இரும்புக் கம்பியை ஒரே நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் திருகலாகாது என்பதை மூத்தவர் செய்து காட்டினார். மந்தமாகிவிட்ட தந்தியை வெந்நீரில் கொதிக்கவைத்து அழுக்கெடுத்தால் சில நாள்களுக்கு ஒலி துலங்கும் என்பதும் அங்கே கற்றதே. அதற்குப் பயன்பட்ட பாத்திரத்தில் பிறகு தேநீர் போட வீட்டம்மாள் அனுமதிக்கவில்லை. மும்பையின் மோகினி தேவுக்குத் தந்தையே பேஸ் கலைஞர், முதல் ஆசிரியர்; எங்கள் மாணவிக்கு வீட்டில் அப்படி எவருமில்லை. அவள் கேட்ட கேள்விகளுக்கு விடை தேடியே நாங்கள் பலவற்றைக் கற்றோம். என் பங்காக இளையராஜாவின் பாடல்களில் பேஸ் செல்லும் வழியை வாசித்துக் காட்டினேன். மொழி தெரியாதவர்கள் மீண்டும் மீண்டும் கேட்டார்கள்.

கூட்டம் உடையப் பார்த்தது பணத்தால். ஆளுக்கு மூவாயிரம் போட்டு ஓர் ஆம்ப்ளிஃபையர் வாங்கினோம். ஓராண்டுக்குள் இருவர் வேறூர் சென்றனர். ஒருவர் தம் பங்கைத் திருப்பிக் கேட்டார். தேய்மானம் கழித்துத் தருவதாகச் சொன்னதில் அவருக்கு வருத்தம். மூன்று ஞாயிறுகள் எவரும் வரவில்லை. அதிகாரி புத்தி எனக்கு. பதிவு பெறாத குழுவும் வங்கிக் கணக்கு தொடங்கலாம். நிர்வாகத் தீர்மானம், நிரந்தரக் கணக்கு எண் அல்லது படிவம் 60, கணக்கை இயக்குபவருக்கான அதிகாரப் பத்திரம் முதலியவை வேண்டும் என்று எழுதியே எடுத்துச் சென்றேன். மூத்தவர் பொறுமையாகப் படித்துவிட்டு, “தலைவர் யார், செயலாளர் யார் என்று தொடங்கினால் ஞாயிற்றுக்கிழமை போய்விடும் தாதா” என்றார்.

அவர் சொன்னதே சரியென இன்றும் எண்ணுகிறேன். பெட்டியை அவரே விலைக்கு எடுத்துக்கொண்டார். அனைவருக்கும் பங்கு திரும்பியது. வேறூர் சென்றவருக்கு அவர் கேட்ட முழுத்தொகையும் போயிற்று. அதன்பின் குழுவுக்கெனச் சொந்தமாக எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. தேநீருக்கு அன்றன்று நூறு ரூபாய், மிச்சமானால் சமோசா. நான்காவது ஞாயிறு அனைவரும் வந்தனர்.

சென்ற ஆண்டு எனக்கு நாக்பூருக்கு மாற்றலாணை வந்தது. கடைசி மாலையில் விழா ஏதுமில்லை. வழக்கம்போல் எட்டு மணிக்கு நிறுத்தினோம். புதிய ஊரில் இரண்டாம் வாரமே ஓர் இசைக்கருவிக் கடையைத் தேடிச் சென்று பேஸ் தந்தி கேட்டேன். வரவழைத்துத்தான் தரவேண்டும், இங்கே அதைக் கேட்பவர் இன்னும் ஒருவர்தான் என்றார் கடைக்காரர். அவர் வந்தால் கொடுக்கும்படி என் கைபேசி எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.