மேஜை மேல் ஒரு மலை!

"பாறை எங்கடா இருக்கு?"

இந்த ஒரே கேள்விக்காக எங்கள் ஹாஸ்டல் அறையில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை கிடையாது. மெஸ்ஸில் சாம்பார் வாளியைக்கூட மூன்றாவது ஆள் மூலமாகத்தான் நகர்த்தினோம். சிரிக்காதீங்க நண்பர்களே, விஷயம் அவ்வளவு சீரியஸ்!

நாங்கள் ஆடிக்கொண்டிருந்தது 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. பெயர் கேள்விப்படாதவர்களுக்காக இரண்டு வரி. ஒருவர் கதை நடத்துவார். அவர்தான் கேம் மாஸ்டர். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரம். "நான் கதவை உடைக்கிறேன்" என்று நீங்கள் சொன்னால், உடைந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். காய், போர்டு எதுவும் கட்டாயமில்லை. வாயாலேயே காடு, கோட்டை, பூதம் எல்லாம் வந்துவிடும். அதுதான் அந்த ஆட்டத்தின் அழகு. சண்டை மூள்வதும் அங்கேதான்.

அன்று என் வில்லாளி ஆற்றுப்படுகையில் ஒரு பாறைக்குப் பின்னால் ஒளிந்திருந்தான். அதாவது, என் மனசில் ஒளிந்திருந்தான். கேம் மாஸ்டர் மனசில் அந்த இடத்தில் பாறையே இல்லை. மேட்டு மேல் நின்ற கொள்ளைக்காரன் அம்பு விட்டான், பகடையில் 20 விழுந்தது, என் ஆள் குளோஸ்! மேஜையைச் சுற்றி ஐந்து பேர். ஐந்து பேர் மனசிலும் ஐந்து வேறு வேறு மலை. எந்த மலை நிஜம் என்று யார் தீர்ப்பு சொல்வது?

இந்தக் கேள்விக்கு ஒரு விடைதான் அறுகோணப் பிளாஸ்டிக் நிலத்துண்டு. செங்கல் அடுக்குவது மாதிரி அடுக்கி, மேஜை மேலேயே மலை, ஆறு, பள்ளம் எல்லாம் கட்டிவிடலாம். பார்க்க பொம்மை மாதிரி இருக்கும். உள்ளே நம் சிலபஸ் பாதி இருக்கிறது!

ஏன் ஆறு பக்கம்?

ஒரே அளவுள்ள ஒழுங்கு வடிவத்தை மட்டும் வைத்து, இடைவெளி விடாமல் தரையை நிரப்ப வேண்டும். மூன்றே வடிவங்கள்தான் அதற்குத் தேறும்: முக்கோணம், சதுரம், அறுகோணம். ஒரு புள்ளியைச் சுற்றி 360 டிகிரி. அதில் 60, 90, 120 ஆகிய மூன்று கோணங்கள் மட்டும்தான் மிச்சமில்லாமல் அடங்கும். ஐங்கோணத்தின் 108 அடங்காது.

சரி, சதுரமே போதாதா? டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் வழக்கமாகச் சதுரக் கட்டம்தான். ஒரு கட்டம் 5 அடி. சாதாரண மனிதன் ஒரு முறைக்கு 30 அடி, அதாவது 6 கட்டம் நடப்பான். நேராகப் போனால் கணக்கு சரி. மூலைவாட்டில் போனால்? ஒரு கட்டத்தின் மூலைவிட்டம் 1.414 மடங்கு. ஆறு கட்டம் மூலைவாட்டில் நகர்ந்தவன் உண்மையில் 42 அடி ஓடியிருப்பான். அதாவது திசையை மாற்றினாலே கால் நீண்டுவிடும்!

அறுகோணத்துக்கு ஆறு அண்டை வீடு. ஆறும் நடுப்புள்ளியிலிருந்து ஒரே தூரம். அதற்காக இதில் பிழையே இல்லை என்று சொல்ல வரவில்லை. முனை இருக்கும் திசையில் நேராகப் போக முடியாது, வளைந்து வளைந்துதான் போகணும். அப்போது 6 அடி எடுத்து வைத்தவன் 5.2 கட்டம்தான் கடந்திருப்பான். 30 அடிக்குப் பதில் 26 அடி. சதுரத்தில் பிழை 41 சதவீதம் வரை, இதில் 13 சதவீதம்தான். எது தேவலை என்று நீங்களே சொல்லுங்கள்.

கொஞ்சம் சரித்திரம்

இந்த யோசனை போர் விளையாட்டிலிருந்து வந்தது. அமெரிக்காவில் அவலான் ஹில் என்ற கம்பெனியைத் தொடங்கியவர் சார்லஸ் ராபர்ட்ஸ். 1958-ல் அந்தக் கம்பெனி வெளியிட்ட 'கெட்டிஸ்பர்க்' ஆட்டத்தில் சதுரக் கட்டம். 1961 பதிப்பில் அதை அறுகோணமாக மாற்றினார்கள். அதற்குப் பிறகு போர் விளையாட்டு என்றாலே தேன்கூடு மாதிரிக் கட்டம்தான் என்றாகிவிட்டது.

1974-ல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸைக் கொண்டுவந்தார்கள். அதில் காட்டுப் பயணத்துக்கு அவர்கள் சொன்ன வழி என்ன தெரியுமா? அவலான் ஹில்லின் 'அவுட்டோர் சர்வைவல்' என்ற இன்னொரு ஆட்டத்தின் போர்டை எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். அதுவும் அறுகோணப் போர்டு. 1986-ல் வந்த 'கர்ப்ஸ்' என்ற ஆட்டத்தில் கைகலப்புக்கும் அறுகோணம்தான், ஒரு கட்டம் ஒரு கஜம்.

இவை எல்லாம் காகிதத்தில் தட்டையாக இருந்தவை. மேடு என்றால் பழுப்பு நிறம், அவ்வளவே. 2004-ல் மில்டன் பிராட்லி 'ஹீரோஸ்கேப்' என்ற பெட்டியை வெளியிட்டது. உள்ளே 30 பொம்மைகள், 85 நிலத்துண்டுகள். ஒற்றை அறுகோணம், 2, 3, 7, 24 அறுகோணங்கள் ஒட்டிய துண்டுகள் என்று பல அளவு. புல், மணல், பாறை, நீர் என்று தனித்தனி நிறம். பக்கவாட்டில் கோக்கலாம், மேலே மேலே அடுக்கலாம். அது தனி ஆட்டம்தான். ஆனாலும் கதை ஆட்டக்காரர்கள் சும்மா விடுவார்களா? பொம்மையை ஓரமாக வைத்துவிட்டு, நிலத்தை மட்டும் தங்கள் ஆட்டத்துக்கு எடுத்துக்கொண்டார்கள்.

2010-ல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பெயரிலேயே ஒரு ஹீரோஸ்கேப் பெட்டி வந்தது. அதே வருஷம் தயாரிப்பையும் நிறுத்திவிட்டார்கள். 2022-ல் மறுபடி கொண்டுவர முன்பதிவு கேட்டார்கள். 8,000 பேர் தேவை, சேரவில்லை. கடைசியில் ரெனிகேட் என்ற கம்பெனி 2024-ல் மறுபடி விற்பனைக்குக் கொண்டுவந்தது. புதுத் துண்டு 2004-ன் பழைய துண்டோடு பொருந்தும். இருபது வருஷ இடைவெளி! இந்த இடத்தில் நம்ம மெக்கானிக்கல் பசங்க கை தட்டணும்.

டக்கென்று பொருந்துவதன் ரகசியம்

எந்தத் துண்டை எடுத்தாலும் எந்தத் துண்டோடும் பொருந்த வேண்டும். பாடத்தில் 'இன்டர்சேஞ்சபிலிட்டி' என்று படித்தோமே, அதேதான். பிளாஸ்டிக்கில் இது லேசான வேலை இல்லை. உருக்கி மோல்டுக்குள் அழுத்தின பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கும். ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் ஏறக்குறைய 0.4 முதல் 0.7 சதவீதம் சுருங்கும். பாலிப்ரொப்பிலீன் 1 முதல் 2.5 சதவீதம் வரைகூடப் போகும். 200 மி.மீ. நீளத் துண்டு அரை சதவீதம் சுருங்கினால் 1 மி.மீ. காலி! அதனால் மோல்டையே அந்த அளவு பெரிதாக வெட்ட வேண்டும். துண்டு மோல்டிலிருந்து சிக்காமல் கழன்று வரப் பக்கச் சுவருக்கு ஒன்றிரண்டு டிகிரி சரிவும் கொடுக்க வேண்டும். இதற்கெல்லாம் சேர்த்துத்தான் மோல்டுக்கு அவ்வளவு செலவு. ஆயிரக்கணக்கில் விற்றால்தான் கட்டும்.

வாங்கக் காசில்லாத நாங்கள் த்ரீ-டி பிரிண்டரில் செய்து பார்த்தோம். எதிர்ப்பக்கங்களுக்கு இடையே 40 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் ஒரு பக்கம் 23.1 மி.மீ., முனைக்கு முனை 46.2 மி.மீ. வரும். 25 மி.மீ. வட்ட அடி உள்ள பொம்மை தாராளமாக நிற்கும். முளை 5 மி.மீ., துளையும் 5 மி.மீ. என்று அழகாக டிராயிங் போட்டேன். முப்பது துண்டு அடித்து எடுத்தோம். ஒன்றுகூடச் சேரவில்லை! தப்பு மெஷினில் இல்லை, என் டிராயிங்கில். பிரிண்டரில் முளை கொஞ்சம் தடித்தும், துளை கொஞ்சம் குறுகியும் வரும். 'லிமிட்ஸ் அண்ட் ஃபிட்ஸ்' பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவன், கையால் செய்யும்போது மறந்துவிட்டேன். பக்கத்துக்கு 0.2 மி.மீ. இடம் விட்டதும் டக்கென்று உட்கார்ந்தது.

இன்னொரு பாடமும் கிடைத்தது. ஒவ்வொரு துண்டும் 0.2 மி.மீ. பெருத்தால் ஒன்றும் தெரியாது. பத்துத் துண்டை வரிசையாக வைத்தால் 2 மி.மீ. தள்ளிப்போகும், மேலடுக்கு உட்காராது. அதனால் கட்டத்தின் அளவு 40 என்றால் துண்டை 39.8 ஆகவே செய்யுங்கள். சின்ன இடுக்கு தெரிந்தால் பரவாயில்லை, ஆட்டம் நிற்காது.

ஆட்டத்தில் எப்படிப் பயன்படுத்துவது?

அளவை முதலில் அறிவியுங்கள்: ஒரு அறுகோணம் 5 அடி, ஓர் அடுக்கு உயரமும் 5 அடி என்பதுபோல. ஆட்டம் தொடங்கிய பிறகு மாற்றக்கூடாது. மாற்றினால் மறுபடி சாம்பார் வாளிப் பிரச்சினைதான்!

மேடு ஏற விலை வையுங்கள்: ஹீரோஸ்கேப் விதி எளிமையானது. ஏறும் ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு நகர்வு கூடுதல், இறங்க இலவசம். மேலிருந்து அடிப்பவனுக்கு ஒரு பகடை அதிகம். தண்ணீரில் கால் வைத்தால் அங்கேயே நிற்கணும். இதில் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். மேட்டுக்கு விலை இல்லாவிட்டால் மலை வெறும் அலங்காரம்தான்.

பார்வையைக் கண்ணால் பாருங்கள்: "அவன் எனக்குத் தெரிகிறானா?" என்ற கேள்வி வந்தால் விவாதம் வேண்டாம். குனிந்து, கன்னத்தை மேஜையில் வைத்து, உங்கள் பொம்மையின் தலைக்குப் பின்னாலிருந்து பாருங்கள். தெரிந்தால் தெரியும், தெரியாவிட்டால் தெரியாது. பாதி உடம்பு மறைந்தால் அவனுக்குப் பாதி மறைவு. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு விதிப்படி அவன் தற்காப்பில் 2 கூடும்.

வட்டத்துக்கு வாய்ப்பாடு: தீக்குண்டு வெடித்தால் எத்தனை கட்டம் வேகும்? 1 + 3 × ஆரம் × (ஆரம் + 1). ஆரம் 1 என்றால் 7, 2 என்றால் 19. 20 அடி, அதாவது 4 கட்ட ஆரம் என்றால் 61. கால்குலேட்டர் வேண்டாம், விரலே போதும்.

பாதியை முன்னாடியே கட்டுங்கள்: நண்பர்கள் வந்த பிறகு முதல் துண்டை எடுத்தால் தூங்கிவிடுவார்கள். மூன்று நான்கு சிறு குன்றுகளை முந்தின நாளே அடுக்கி வைத்தால், ஆட்ட நேரத்தில் இடம் மாற்றிச் சேர்ப்பதுதான் வேலை.

எங்கே வேண்டாம்?

இதையும் சொல்லாவிட்டால் கட்டுரை விளம்பரம் ஆகிவிடும். நேர்ச்சுவர் உள்ள அறைக்குள் அறுகோணம் ஒத்துவராது. சுவர் ஓரக் கட்டங்கள் பாதியாக வெட்டுப்படும். மாளிகை, சிறைச்சாலைக்குச் சதுரமே மேல். காடு, மலை, ஆற்றங்கரைக்கு அறுகோணம்.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. மூன்று மணி நேரம் கஷ்டப்பட்டு மலை கட்டிய கேம் மாஸ்டர், ஆட்டக்காரர்களை எப்படியாவது அந்த மலைக்கே இழுத்துப்போவார். "நாங்க ஊருக்குத் திரும்பறோம்" என்றால் முகம் சுருங்கும். கதை பிளாஸ்டிக்குக்கு அடிமை ஆகிவிடக்கூடாது. பேச்சுவார்த்தை, துப்பறிதல், சந்தையில் பேரம் போன்ற காட்சிகளுக்கு ஒரு துண்டும் வேண்டாம், வாய் போதும். தூரமும் உயரமும் உயிரைத் தீர்மானிக்கும் இடத்தில் மட்டும் பெட்டியைத் திறங்கள்.

துண்டும் இல்லை, பிரிண்டரும் இல்லை என்பவர்களுக்கு: தெர்மாகோலை ஒரே அச்சு வைத்து வெட்டுங்கள். கோத்துக்கொள்ளாது, ஆனால் அடுக்கலாம். அளவு ஒன்றாக இருப்பதுதான் முக்கியம், பளபளப்பு இல்லை.

கடைசியாக...

எங்கள் துண்டுகள் பொருந்திய அன்று அதே ஆற்றுப்படுகையை, அதே மேட்டைக் கட்டினோம். இந்த முறை பாறை நிஜமாகவே இருந்தது. இரண்டு அடுக்கு, சாம்பல் நிறம். என் வில்லாளியை அதன் பின்னால் வைத்தேன். கொள்ளைக்காரன் மேட்டு விளிம்புக்கு வந்தான். நானே குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அவன் பக்கமிருந்து பார்த்தேன். பாறைக்கு மேலே என் ஆளின் தலையும் தோளும் நீட்டிக்கொண்டிருந்தன.

பகடை உருண்டது. என் ஆள் மறுபடியும் குளோஸ்!

ஆனால் இந்தத் தடவை யாரும் யாரோடும் முகத்தைத் தூக்கிக்கொள்ளவில்லை. "அடுத்த தடவை மூணு அடுக்கா வைடா" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே ஒரு துண்டை எடுத்து என் கையில் கொடுத்தான். ராத்திரி மெஸ்ஸில் சாம்பார் வாளியை எனக்கு நேராகவே நகர்த்தினான்.

— மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்