வடையைச் சுற்றி ஒரு கணக்கு!

காஞ்சிபுரம் என்றதும் பட்டுப் புடவைதான் உங்கள் மனக்கண் முன் வந்து நிற்கும். பக்கத்துப் புள்ளலூர் என்றால், 1780-ல் ஹைதர் அலியின் சேனை கும்பெனிப் படையை முறியடித்த சரித்திரம் நினைவுக்கு வரும். அந்தக் காஞ்சியில் 1932-ஆம் வருஷம் பிப்ரவரி 29-ந் தேதி பிறந்தார் சி. எஸ். சேஷாத்ரி. நாலு வருஷத்துக்கு ஒரு முறைதான் பிறந்த நாள்! அதே வருஷம் வட ஆற்காட்டுத் தண்டரைக் கிராமத்தில் பிறந்தவர் எம். எஸ். நரசிம்மன். இருவரும் சென்னை லயோலா கல்லூரியில் ரஸீன் பாதிரியாரிடம் கணிதம் பயின்று, 1953-ல் பம்பாய் டாடா ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார்கள்.

அங்கே என்ன கண்டுபிடித்தார்கள்? 'ஐயோ, கணக்கா!' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் சமையலறையிலிருந்தே சொல்கிறேன்.

ஒரு மெதுவடை, அதில் இரண்டு மூன்று துளைகள். முதுகில் ஓர் ஊசியைச் சுமந்துகொண்டு ஓர் எறும்பு ஒரு துளையைச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வருகிறது. அதற்குள் ஊசி சற்றுத் திரும்பியிருக்கிறது! எறும்பு நடுவில் வளைந்து நெளிந்து போனாலும் குற்றமில்லை. எந்தத் துளையை எப்படிச் சுற்றியது என்பதைப் பொறுத்ததே அந்தத் திருப்பம் என்று விதி வைத்துக்கொள்வோம். இத்தகைய திருப்பங்களின் பட்டியல் ஒரு புறம். அதே பரப்பின்மேல் சமன்பாடுகளைக் கொண்டு கட்டும் 'நிலையான கற்றைகள்' மறு புறம். பார்வைக்குச் சம்பந்தமே இல்லாத இரண்டும் ஒன்றுதான் என்று 1965-ல் நிரூபித்தார்கள் நம் நண்பர்கள்.

இதற்கு முன்பே, 1954-ல், யாங், மில்ஸ் என்ற பௌதிக நிபுணர்கள் ஒரு 'கேஜ்' கொள்கையை வகுத்திருந்தார்கள். உங்கள் வீட்டில் ஆழாக்கு, அடுத்த வீட்டில் டம்ளர்; எதனால் அளந்தாலும் அரிசி அதே அரிசிதானே? அதுபோல் இடத்துக்கு இடம் அளவை மாறினாலும் மாறாத உண்மையைத் தேடுவதே அது. 1983-ல் டொனால்ட்ஸன் என்ற ஆங்கிலேய இளைஞர் அந்தக் கொள்கையைக் கொண்டே நம்மவர் தேற்றத்தைப் புதிதாக நிரூபித்தார். அதே வருஷம் அதே கொள்கையால் நாற்பரிமாண வடிவங்களையும் ஆராய்ந்தார். எவ்வளவு முயன்றாலும் வழுவழுப்பாக்க முடியாத வடிவங்கள் அங்கே உண்டென்று தெரிந்தபோது உலகமே வியந்தது! 2006-ல் மன்னர் ஃபைசல் பரிசை நரசிம்மனும் டொனால்ட்ஸனும் பகிர்ந்துகொண்டார்கள்.

கர்நாடக சங்கீதமும் பாடிய சேஷாத்ரி, 1989-ல் சென்னையில் கணிதக் கழகம் ஒன்றை நிறுவினார். அவர் 2020-லும், நரசிம்மன் 2021-லும் காலமானார்கள்.

இரண்டு நண்பர்கள் காகிதத்தில் போட்ட கணக்குக்கும் அணுவின் சக்தியை விளக்க வந்த கொள்கைக்கும் உள்ள உறவு பளிச்சென்று தெரியப் பதினெட்டு வருஷம் ஆயிற்று. ஆகையால், உங்கள் பெண்ணோ பிள்ளையோ சாப்பாட்டையும் மறந்து ஏதோ கணக்கில் ஆழ்ந்திருந்தால், "இதனால் என்ன பிரயோஜனம்?" என்று மட்டும் அவசரப்பட்டுக் கேட்டுவிடாதீர்கள். தட்டை மூடி வைத்துவிட்டுச் சற்றே காத்திருங்கள்!